கடற்பனிக்கட்டியும் கடற்காற்றாலைகளும்: விசை பற்றிய ஒரு விளக்கம்

கடலினுள்ளே காற்றாலைகளை நிறுவி மின்னுற்பத்தி செய்யும் முறை 1991ஆம் ஆண்டு டென்மார்க்கின் விண்டெபி என்னுமிடத்தில் ஆரம்பமாயிற்று. அங்கு நிறுவப்பட்டவை பதினொரு சுழலிகள். ஒவ்வொன்றும் 450 கிலோவாற்று வலுவுடையது. 2017இல் அவ்வாலை கழற்றி அகற்றப்பட்டபொழுது, இங்கிலாந்தின் தேம்ஸ் நதிமுகத்தில் அதனைப்போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட வலுவுள்ள ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. இவ்வளர்ச்சியின் ஒரு கிளை இன்று வடக்கு நோக்கிச் செல்கின்றது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடைப்பட்ட பொத்னியக் குடாவில் ஆழங்குறைந்த கடற்பரப்பு உண்டு. நல்ல காற்றும் உண்டு. ஆனால் மாரிக்காலத்தில் அக்கடல் உறைந்துவிடுகிறது. உறைந்த கடல் அசையாதிருக்குமாயின் பெரிய இடர் எதுவும் இல்லை. அது நகர்கின்றது என்பதே பிரச்சினையாகும்.

நகரும் பனிக்கட்டி ஒரு தூணிற் சென்று மோதும்பொழுது யாது நிகழும்? பனிக்கட்டி எவ்வளவு தடிப்பானதோ, எவ்வளவு வேகமாக வருகின்றதோ அவ்வளவுக்கு மோதலும் பெரிதாயிருக்கும் என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. அவ்விடையின் முற்பாதி ஓரளவு சரியானது. பிற்பாதி பிழையானது. மிக மெதுவாக, செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து வரும் பனிக்கட்டியே கட்டமைப்புகளைக் கூடுதலாக ஆட்டங்காணச் செய்துள்ளது. இது ஏன் என்பதை விளக்குவதும், இதனை அறிந்துகொண்ட வரலாற்றில் யார் அளந்தார், அளந்தது யாருக்குக் கிட்டிற்று என்ற வினாவை எழுப்புவதுமே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய ஆராய்ச்சியாளன் ஒருவன் இத்துறையிற் கால்வைப்பது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அறிவு உற்பத்தியாகும் முறையைக் கவிதையில் மட்டும் தேடிக்கொண்டிருத்தல் போதாது என்பதே எனது விடை.

முதலிற் சொல் பற்றி ஒரு குறிப்பு. முன்பனி, பின்பனி எனப் பருவங்களை வகுத்த நம் மொழியிற் பனி என்பது பெரும்பாலும் விடியற்காலத்து ஈரத்தையும் குளிரையுமே குறித்தது. வானிலிருந்து விழும் வெண்பனி, இலையிற் படியும் உறைபனி, கடல்நீர் கெட்டிப்பட்டு உண்டாகும் பாளம் ஆகிய மூன்றையும் அச்சொல்லின் மீதே நாம் ஏற்றிவிட்டோம். சுழலியின் அலகுகளில் ஈரக்காற்றினாற் படியும் பனியும் மின்னுற்பத்தியைக் குறைப்பதே. எனினும் அது தரையிலுள்ள ஆலைகளுக்கும் பொதுவான பிரச்சினை. இங்கு நாம் ஆராய்வது கடல் மட்டத்திற் பாளமாய் மிதந்து, தூணின் அடிப்பாகத்தைத் தாக்கும் கடற்பனிக்கட்டியை மட்டுமேயாம்.

பொத்னியக் குடாவின் வட பகுதி ஏறத்தாழ ஒவ்வோராண்டும் உறைகின்றது. அங்குள்ள நீரில் உப்பு மிகக் குறைவு. ஆயிரத்துக்கு நான்கு பங்குக்கு மேற்படுவது அரிது. உப்புக் குறைந்த நீரிலிருந்து உண்டாகும் பனிக்கட்டியில் உவர்நீர் தங்கும் நுண்குழிகளும் குறைவாகையால் அது கூடிய உறுதியுடையது. கரையோரம் ஒட்டியிருக்கும் பாளம் கடும் மாரியில் ஒரு மீற்றர் வரை தடிக்கும். கரையை விட்டகன்ற இடத்திற் காற்று பாளங்களைத் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. அவ்வாறு எழும் பனிவரம்புகள் நீருக்கு மேலே ஓராள் உயரமாகத் தோன்றினும், நீருக்குக் கீழே பத்துப் பதினைந்து மீற்றர் வரை இறங்கியிருப்பதுண்டு.

இவற்றின் விசை எத்தன்மையது என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். ஆட்டிக், உறைகடற் பகுதிக் கட்டமைப்புகளுக்கென 2010இல் வெளிவந்து 2019இல் திருத்தப்பட்ட சர்வதேச நியமம் ஒன்று உண்டு. அதன் எண் 19906. அந்நியமத்திற் பால்டிக் போன்ற கடல்களுக்கெனத் தரப்பட்ட சூத்திரத்தின்படி, 8 மீற்றர் விட்டமுள்ள நிமிர்ந்த தூணொன்றை அரை மீற்றர் தடிப்பான பாளம் நெருக்கி நொறுங்குமாயின் உண்டாகும் விசை ஏறத்தாழ 600 தொன் எடைக்குச் சமமானது. 10 மெகாவாற்றுச் சுழலியொன்றைக் காற்று உச்ச அளவிற் தள்ளும் விசையோ 150 தொன் அளவினதே. காற்று நூறு மீற்றருக்கும் மேலே நின்று நெம்புகிறது. பனிக்கட்டி நீர்மட்டத்தில் நின்று தள்ளுகிறது. ஆகையால் கடலடியில் தூணைக் கவிழ்க்க முனையும் திருப்பத்திற் காற்றே இன்னும் மேலோங்குகிறது. ஆயினும் வேறோரிடத்துக்கென வரைந்த அத்திவாரத்தைப் பொத்னியக் குடாவிற் கொண்டுசென்று நாட்டுதல் இயலாது என்பதை உணர்த்த இக்கணக்கே போதும்.

ஆனால் இக்கணக்குப் பனிக்கட்டியைப் பிரேதம்போற் கிடத்தி வைத்து அளக்கின்றது. உண்மையில் நிகழ்வது இயக்கம். அவ்வியக்கத்தை மனிதர் முதன்முதலில் விளங்கிக்கொள்ள முற்பட்டது காற்றாலைகளின் பொருட்டன்று, எண்ணெயின் பொருட்டேயாகும்.

1960களின் நடுப்பகுதியில் அலாஸ்காவின் குக் நுழைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடைகள் எழுந்தன. வலிய வற்றுப்பெருக்குப் பனிக்கட்டியை மேடைகளின் கால்களூடே முன்னும் பின்னுமாய் இழுத்துச் சென்றது, மேடைகள் அதிர்ந்தன. அங்கு அளவீடுகளை மேற்கொண்ட பெய்ற்றன், பனிக்கட்டி தனக்கென ஒரு குறித்த மீடிறனுடன் உடைகின்றது என்றும் அம்மீடிறன் மேடையின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும்பொழுது பரிவு உண்டாகின்றது என்றும் கருதினார். அதாவது விசையின் தாளம் பனிக்கட்டியின் சொந்தக் குணம். 1970இல் பிளென்கான் இதனை மறுக்கும் வகையில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். தாளத்தைத் தருவது பனிக்கட்டியன்று. மேடையின் அசைவே பனிக்கட்டி எப்பொழுது உடையவேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றது என்பது அவர் கருத்து. 1970களில் பொத்னியக் குடாவில் நாட்டப்பட்ட உருக்குக் குழாய் வெளிச்சவீடுகள் கடுமையாக அதிர்ந்தபொழுது அவற்றை ஆராய்ந்த பின்லாந்துப் பொறியியலாளர் மௌரி மாத்தனனும் இரண்டாவது கொள்கையையே வளர்த்தார். கட்டமைப்புத் தன் அதிர்வைத் தானே ஊட்டி வளர்க்கின்றது என்பது அதன் சாரம்.

இவ்விவாதம் நம்மிற் சிலருக்கு வேறொரு விவாதத்தை நினைவூட்டலாம். பண்பு ஒரு பொருளுக்குள்ளே குடியிருக்கின்றதா, அன்றிப் பொருள்களிடையேயான உறவிற் பிறக்கின்றதா என்ற பழைய வினாவே இங்கும் எழுகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகப் பரிணமிப்பதைக் காட்ட எங்கெல்ஸ் 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் நீர் உறைவதையும் கொதிப்பதையும் உதாரணமாக எடுத்தார். உறைந்த நீர் உடைவதையும் அவர் பார்த்திருப்பாராயின் இன்னுஞ் சிறந்ததோர் உதாரணம் கிடைத்திருக்கும் எனத் தோன்றுகின்றது. எனினும் இயற்கை விஞ்ஞானத்தை இயங்கியலின் எடுத்துக்காட்டுப் பட்டியலாக்கிவிடும் பழக்கம் நம்மிடையே அளவுக்கு மிஞ்சியுள்ளமையால் பொறிமுறையையே நேராக நோக்குவோம்.

பனிக்கட்டிக்கு இரு நடத்தைகள் உள. மெதுவாக நெருக்கினால் அது மெழுகுபோல் நெகிழ்ந்து கொடுக்கும். விரைவாக நெருக்கினாற் கண்ணாடிபோல் நொறுங்கும். பாளம் வேகமாக வந்து தூணை மோதும்பொழுது தூணின் முகப்பு முழுவதும் அதனைத் தொடுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளே தொடுகின்றன. ஒரு புள்ளி நொறுங்கும்பொழுது மற்றொன்று தொடத் தொடங்குகின்றது. ஆகவே மொத்த விசை அளவோடு நிற்கின்றது. தூணும் சிறிதே நடுங்குகின்றது. மெதுவாக வரும் பாளத்தின் கதை வேறு. அது நெகிழ்ந்து தூணின் முகப்போடு படிந்துகொள்கிறது. தொடும் பரப்பு விரிய விரிய விசை ஏறுகின்றது. தூண் பின்னோக்கி வளைகின்றது. பாளம் செல்லும் திசையிலேயே தூணும் வளைந்து செல்வதால் இரண்டுக்கும் இடையிலான சார்பு வேகம் ஏறத்தாழ அற்றுப்போகின்றது. அதனாற் படிவு மேலும் இறுகுகின்றது. ஒரு கட்டத்திற் பனிக்கட்டி தாங்காது உடைய, தூண் வில்லைப்போல் மீள்கின்றது. மீளும்பொழுது அது பாளத்தை எதிர்த்துப் பாய்வதாற் சார்பு வேகம் திடீரென உயர்ந்து பனிக்கட்டி முகப்பெங்கும் ஒருங்கே நொறுங்குகின்றது, விசை விழுகின்றது. பின்னர் தூண் மறுபடியும் பின்னோக்கிச் செல்லத் தொடங்க, படிவும் மறுபடி தொடங்குகின்றது. இவ்வாறு தூணின் ஆட்டமே பனிக்கட்டியின் உடைவுகளை அணிவகுக்கச் செய்கின்றது. சிதறிக்கிடந்த புள்ளிகள் யாவும் ஒரே கணத்தில் தாங்கி ஒரே கணத்தில் உடைகின்றன. பொறியியலாளர் இதனை மீடிறன் பூட்டு என்ற கருத்துப்படப் பெயரிட்டழைக்கின்றனர். அண்மைக் காலத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேயோ ஹென்றிக்சே முதலியோர் தொடும் பரப்பின் இம்மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டே கணித மாதிரிகளை அமைத்துள்ளனர்.

இவ்வதிர்வின் விளைவுகள் ஏட்டளவில் நிற்கவில்லை. 1969இல் சீனாவின் போகாய் கடல் பெரும்பாலும் உறைந்துபோன மாரியில் எண்ணெய் மேடையொன்று பனிக்கட்டியாற் சரிந்தது. அக்கடலிற் பின்னர் அமைக்கப்பட்ட மெலிந்த கால்களையுடைய மேடைகளும் மாரிதோறும் அதிர்ந்தன; 2000ஆம் ஆண்டு மாரியில் அத்தகைய மேடையொன்றில் அதிர்வினால் வாயுக்குழாய் உடைந்தது. மேடையில் வேலை செய்தோருக்கு இரவும் பகலும் அவ்வதிர்வுடனேயே உண்டு உறங்க வேண்டியிருந்தது. கனடாவின் வடக்கேயுள்ள போபோட் கடலில் 1986 ஏப்பிரில் 12ஆம் நாள் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. மொலிக்பாக் என்ற மேடை மெலிந்த தூணன்று. மணல் நிரப்பிய மாபெரும் எண்கோண உருக்குப் பேழை. பல்லாண்டுப் பனிக்கட்டியின் பாளமொன்று அதனை மெதுவாக நெருக்க, பேழை முழுவதும் தாளந்தவறாது அதிர்ந்தது. உள்ளிருந்த மணலின் ஒரு பகுதி சேற்றுக்குழம்புபோல் இளகத் தொடங்கிற்று. பருமனே பாதுகாப்பு என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இனிக் காற்றாலைக்கு வருவோம். எண்ணெய் மேடையிலிருந்து அது ஒரு முக்கிய வகையில் வேறுபடுகின்றது. நூறு மீற்றருக்கு மேலே சில நூறு தொன் எடையைத் தாங்கி நிற்கும் ஒடுங்கிய தூண் அது. அதன் முதலாவது இயல்பதிர்வு மிக மெதுவானது. ஒருமுறை ஆடி மீள மூன்று முதல் ஐந்து செக்கன் எடுக்கும். இரண்டாவது அதிர்வுநிலையோ செக்கனுக்கு ஒன்றிரண்டு முறை என்ற அளவினது. அதில் நீர்மட்டத்தை அண்டிய பகுதியும் குறிப்பிடத்தக்க அளவு அசையும். பனிக்கட்டி பூட்டிக்கொள்வதற்கு இவ்விரண்டாம் நிலை வாய்ப்பானது. ஒரே சமயத்தில் இரண்டு அதிர்வுநிலைகளும் கலந்து தோன்றும் இடைவினைகளும் காணப்பட்டுள்ளன. பின்லாந்தின் ஆல்தோ பல்கலைக்கழகத்துப் பனித்தொட்டியில் 2021இல் டெல்ஃப்ற் ஆய்வாளர் நடத்திய பரிசோதனைகள் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. எண்ணெய் மேடைகளின் அனுபவத்தை அப்படியே காற்றாலைக்குப் பெயர்த்து வைப்பதன் போதாமையை அவை காட்டின.

ஈண்டு இன்னொரு முரண் உண்டு. சுழன்றுகொண்டிருக்கும் சுழலி, காற்றைத் தள்ளிச் சுழல்வதனாலேயே தன் முன்பின் ஆட்டத்தைத் தணித்துக்கொள்கிறது. நின்றுவிட்ட சுழலிக்கு அத்தணிப்பு இல்லை. காற்று ஓய்ந்து, சுழலி நின்று, முந்திய காற்றினாலும் நீரோட்டத்தாலும் உந்தப்பட்ட பாளம் மாத்திரம் மெல்ல ஊர்ந்து வரும் அமைதியான மாரி நாளே அதற்குக் கெட்ட நாள். புயலுக்கு அஞ்சி அமைத்த தூணுக்கு அமைதியிற் கேடு வருகின்றது. ஒரே நாளில் அது முறிந்து வீழும் என்பதன்று. ஆயிரக்கணக்கான அதிர்வுகளால் உருக்கின் ஒட்டுவாய்கள் களைத்து நுண்ணிய வெடிப்புகள் வளர்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நீருக்குக் கீழே உள்ளன.

இதற்குத் தீர்வு நெடுங்காலமாகவே தெரிந்ததுதான். பனிக்கட்டியை நெருக்கி நொறுக்குவது கடினம். வளைத்து முறிப்பது எளிது. வளைக்கும் விசைக்கு எதிரே அதன் வலிமை, நெருக்குதலுக்கு எதிரேயுள்ள வலிமையின் சிறு பங்கே. ஆகவே நீர்மட்டத்தில் தூணைச் சுற்றி ஒரு கூம்பு அமைத்தால், வரும் பாளம் சரிவிலே ஏறி அல்லது சரிவின் கீழே அமிழ்ந்து முறிந்துபோகும். கொப்பன்கேகன் துறைமுகத்துக்கு எதிரே 2000ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மிடெல்குருண்டன் ஆலையின் கொங்கிரீற்று அத்திவாரங்களிலும், 2003இல் எழுந்த நூஸ்தெட் ஆலையின் எழுபத்திரண்டு அத்திவாரங்களிலும் இக்கூம்புகளைக் காணலாம். கனடாவின் கூட்டமைப்புப் பாலம் 1997 முதல் இத்தகைய கூம்புகளுடனேயே பனிக்கட்டியை எதிர்கொண்டு நிற்கின்றது. மிடெல்குருண்டனின் இருபது சுழலிகளிற் பத்து, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களை உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கமொன்றினால் உடைமையாக்கப்பட்டவை என்பதையும் குறிப்பிடாது செல்ல மனம் வரவில்லை.

கூம்பு இலவசமாகக் கிடைப்பதன்று. அது தூணை நீர்மட்டத்தில் அகலமாக்குகின்றது. அகலம் கூடக் கோடைப் புயலின் அலைவிசையும் கூடுகிறது. பணியாளர் படகு தூணை அணுகுவது கடினமாகின்றது. காற்றின் தள்ளுதலால் நீர்மட்டம் ஏறி இறங்கும் கடலிற் கூம்பு உயரமாகவும் இருக்கவேண்டும். இன்றேல் பாளம் கூம்பைத் தவிர்த்துத் தூணையே தாக்கும். கடலடியில் ஒரே குழாயை அறைந்து நிறுத்தும் மலிவான முறைக்குக் கூம்பு நன்கு பொருந்துவதுமில்லை. ஆகையாற் கூம்பு வேண்டுமா என்ற வினா, அதிர்வை எவ்வளவு நுட்பமாகக் கணிக்க முடியும் என்ற வினாவாக மாறுகின்றது. பின்லாந்தின் போரி நகருக்கு அப்பால் தாக்கோலுவோதோவில் 2010இல் ஒரு சோதனைச் சுழலியும் 2017இற் பத்துச் சுழலிகளும் நிறுவப்பட்டன. அப்பத்தும் சேர்ந்து 42 மெகாவாற்று. உறைகடலுக்கெனவே திட்டமிடப்பட்ட முதலாவது ஆலை எனப் பேசப்படுவது அதுவே. அங்கு அறைந்த குழாய்கள் இல்லை. கல்லும் சரளையும் நிரப்பிய கனத்த உருக்குப் பேழைகள் தம் எடையாலேயே கடலடியில் அமர்ந்துள்ளன. அந்நிறுவனம் நகரசபைகளின் மின்சார நிறுவனங்களுக்கு உடைமையானது.

சிறு விடயங்கள் எனத் தள்ளப்படுவனவும் உள. தூணின் வெளிப்புறத்தில் இருக்கும் ஏணி, படகுத்தாங்கி, மின்வடம் செல்லும் குழாய் ஆகியவற்றைப் பனிக்கட்டி உரித்தெடுத்துவிடும்; அவற்றை உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். வண்ணப்பூச்சைத் தேய்த்தகற்றித் துருவுக்கு வழிசெய்யும். கரையை நெருங்கும் இடத்திற் பனிவரம்பின் அடி கடலடியை உழுது செல்வதால் மின்வடத்தை ஆழப் புதைக்கவேண்டும். சாதாரணப் படகு ஓடாத மாதங்களில் பழுதான சுழலியொன்று வசந்தகாலம் வரை பழுதாகவே நிற்கும். அன்றேல் பணியாளர் வானூர்தியிலோ பனியிற் செல்லும் கலத்திலோ செல்லவேண்டும். தரகர் ஏடுகளில் இது 'கிடைப்புநிலை' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்வறிவு யாருடையது என்ற வினாவை இனி எழுப்பலாம். குக் நுழைகுடாவிலும் போபோட் கடலிலும் அளந்தவை எண்ணெய் நிறுவனங்களின் தேவைக்காக அளக்கப்பட்டவை. அவற்றுட் பல, பணம் செலுத்திய பங்காளிகளுக்கே முதலிற் கிடைத்த கூட்டறிக்கைகளாக இருந்தன. மொலிக்பாக் மேல் விழுந்த விசையின் அளவு பற்றி நிபுணர் பல்லாண்டுகளின் பின்னும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். இதற்கு மாறாக, சுவீடனின் லூலியோ நகருக்கு அப்பால் 1971இல் கட்டப்பட்ட நோர்ஸ்ட்ரெம்ஸ்குருண்ட் வெளிச்சவீட்டின் வரலாறு பொதுப்பணத்தின் வரலாறு. நீர்மட்டத்தில் ஏழரை மீற்றர் விட்டமுள்ள அக்கொங்கிரீற்றுத் தூணிற் பொருத்திய ஒன்பது விசையளவித் தகடுகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த இரு ஆய்வுத் திட்டங்களின் கீழ், 1990களின் இறுதி முதல் 2003 வரை மாரிதோறும் பனிக்கட்டியின் தள்ளுதலைப் பதிவு செய்தன. மேலே நாம் 600 தொன் எனக் கணித்த சூத்திரத்தில் பால்டிக் கடலுக்குரிய மாறிலி முக்கியமாக அவ்வேடுகளிலிருந்தே பெறப்பட்டது. இன்று பொத்னியக் குடாவில் முதலிட முன்வரும் ஒவ்வொரு நிறுவனமும் அதன் மீதே கணக்கிடுகின்றது. ஆனால் அந்நிறுவனங்கள் தத்தம் தூண்களிற் பொருத்தும் அளவிகள் சொல்பவை வணிக இரகசியமாகக் கொள்ளப்படும் நிலையே பொதுவானது. பொதுவிலிருந்து எடுத்தது தனியுடைமையாகின்றது. தனியிடத்திற் கற்றது பொதுவுக்குத் திரும்புவதில்லை. இது அறத்தைப் பற்றிய முறைப்பாடு மாத்திரமன்று. அதிர்வு ஓர் உறவாகையால், ஒவ்வொரு புதிய தூணும் ஒரு புதிய பரிசோதனையாகும். ஒரு தூணிற் கற்றதை அடுத்த தூணைக் கட்டுபவர் அறியாவிடின் அப்பரிசோதனை திரும்பத் திரும்பச் செய்யப்படும்.

காலநிலை வெப்பமடைந்து வருகையில் இவையெல்லாம் எதற்கு என்ற வாதமும் இப்பொழுது கேட்கின்றது. 2019-20 மாரியிற் பால்டிக் கடலின் உச்சப் பனிப்பரப்பு 37,000 சதுர கிலோமீற்றர் மட்டுமே. மூன்று நூற்றாண்டுப் பதிவுகளில் அதுவே மிகக் குறைந்தது. அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன், 2010-11 மாரியில், அது மூன்று இலட்சத்தைக் கடந்திருந்தது. அத்திவாரம் ஐம்பதாண்டுக்கொருமுறை வரத்தக்க பனிக்கட்டியைத் தாங்கவேண்டும் என நியமம் கூறும்பொழுது, எந்த ஐம்பதாண்டு என்பது வெறும் தொழினுட்ப வினாவன்று. உருக்கின் விலையும் அதற்குள் அடங்கியுள்ளது. மென்மையான மாரி மென்மையான விசையைத் தரும் என்று கொள்வதும் சரியன்று. கரையோடு ஒட்டி அசையாதிருந்த பாளம் மெலியும்பொழுது எளிதிற் பிடிவிட்டு நகர்கின்றது. முன்பு அசையாத பனிக்கட்டி சூழ நின்ற தூணை இனி மெல்ல நகரும் பனிக்கட்டி சூழக்கூடும். மெல்ல நகர்வதே பூட்டிக்கொள்வது என்பதை மேலே கண்டோம். இதனைத் தீர்க்க அளவீடு வேண்டும். நோர்ஸ்ட்ரெம்ஸ்குருண்டின் அப்பதிவுத் தொடர் 2003இல் முடிவுற்றது. 2010-11இன் கடும் மாரியும் 2019-20இன் மென்மாரியும் அவ்வேடுகளில் இல்லை.